ஸ்டெப்னியில் இருக்கும் காற்று

எங்கள் ஊரில் குளிர் என்று சொன்னால்
வெயில்கூடச் சிரிக்கும்.
ஆனால் என் இண்டிகாவுக்குத் தெரியும்.
மார்கழி பிறந்து மூன்றாம் நாள்
சாவியைத் திருப்பினால்
தெருக்குழாய் மாதிரி
நாலு தரம் இருமிவிட்டுத்தான் எழும்.

எர்ணாவூரில் விடிகாலை நாலு மணிக்குப்
பனி தனியாக இறங்குவதில்லை,
சாம்பலையும் கூட்டிக்கொண்டு வரும்.
இரண்டும் குழைந்து முன்கண்ணாடியில்
தோசைமாவு பதத்தில் ஒட்டும்.
வைப்பர் போட்டால் இழுகும், அவ்வளவுதான்.
முந்தின ராத்திரியே
பாதி உருளைக்கிழங்கைத் தேய்த்துவைக்க வேண்டும்.
மீதிப் பாதி பொரியலுக்கு.

பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சை உப்பைச்
சோடாமாவு கரைத்த வெந்நீரில் கழுவி
வாசலின் பூசினேன்.
"இன்னாக்கா, பொண்ணு பாக்க வராங்களா?"
கொருக்குப்பேட்டை மஸ்தான் கேட்டான்.
பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்து
"ரெண்டு மாசம் தாங்கும் ஜெசிந்தாக்கா,
கத்த ஆரம்பிச்சா மட்டும் கொண்டா" என்றான்.

போன ஐப்பசியில்
வியாசர்பாடி சுரங்கப்பாதைத் தண்ணீரில்
கதவு திறக்காமல் உட்கார்ந்திருந்தவள் நான்.
அன்றிலிருந்து சீட்டுக்கடியில் ஒரு சுத்தியல்.
டிக்கியில் ஜாக்கி, கயிறு, டார்ச்,
பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய ஜம்பர் கேபிள்,
திருப்பித் தர மறந்தது.
சிவப்பு முக்கோணம் ஒன்று, பிரிக்காத உறையோடு.
வண்டிக்கடியில் படுக்க ஒரு பழைய கம்பளி.
போன் செத்தாலும் சாகாத அட்டையில்
ஏழு நம்பர்கள், என் கையெழுத்தில்.

செவ்வாய், வியாழன், சனி
தேசப்பனை ஸ்டான்லிக்குக் கொண்டுபோக வேண்டும்.
முதல் ஷிப்ட் டயாலிசிஸ்.
ஐந்தரைக்குள் போகாவிட்டால் படுக்கை
வேறு யாருக்கோ போய்விடும்.
கஜலட்சுமி மடியில் பைலை வைத்துக்கொண்டு
சிக்னல் சிக்னலாக எண்ணுவாள்.

அன்று வியாழன்.
எண்ணூர் விரைவுச்சாலையில்
துறைமுகம் வரைக்கும் கன்டெய்னர் வரிசை,
ராத்திரி முழுக்க நகராத ரயில்.
பின் சக்கரம் பட்டென்று சொன்னது.
முக்கோணத்தின் உறையைப் பல்லால் கிழித்தேன்.
ஜாக்கி ஏறியது. நட்டு கழன்றது.
ஸ்டெப்னியைத் தரையில் போட்டேன்.
அது துள்ளவில்லை.

நாலு சக்கரத்துக்கும் பங்க்கில் நின்று
முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு என்று பார்த்தவள்
ஐந்தாவதை மறந்திருந்தேன்.
ஏழு நம்பரில் மூன்று அடித்தேன்.
மஸ்தான் தூங்கினான்.

உள்ளே தேசப்பனுக்கு நடுக்கம்.
ரத்தம் குறைந்த உடம்புக்கு
இந்தச் சொற்பக் குளிரே இமயமலை.
கிரீஸ் வாசத்தோடு
கம்பளியைப் போர்த்தினேன்.
"வண்டிக்கு வச்சதா?" என்றார்.
"வண்டிலதானே இருக்கீங்க" என்றேன்.

லாரிக் கேபினில் திரைச்சீலை விலகியது.
பனியன் மட்டும் போட்ட ஒருவன்
கொட்டாவியோடு இறங்கினான்.
டயரை உதைத்துப் பார்த்தான்.
"ஹவா இல்ல?"
இல்லை என்று தலையாட்டினேன்.
இன்ஜினைப் போட்டுவிட்டுப்
பிரேக் டேங்க்கிலிருந்து ஒரு குழாயை இழுத்து
வால்வில் வைத்துப் பிடித்தான்.
உஸ்ஸென்று போனது
நாற்பது டன்னை நிறுத்துகிற காற்று,
என் சின்ன சக்கரத்துக்குள்.
கட்டைவிரலால் அழுத்தினான், போதும் என்றான்.
காசு நீட்டினேன்.
என் தலையில் கட்டியிருந்த மஃப்ளரைக் காட்டி
தன் ஊர் பாஷையில் என்னவோ சொல்லிச்
சிரித்துவிட்டு ஏறிப் படுத்தான்.
பேர் கேட்கவில்லை.
நம்பர் பிளேட்டில் பி, ஆர் மட்டும் தெரிந்தது,
மீதியில் சாம்பல்.

ஐந்து இருபத்தெட்டு.
கஜலட்சுமி பைலோடு முன்னால் ஓடினாள்.
தேசப்பன் கம்பளியோடே உள்ளே போனார்.
நான் கேட்கவில்லை.

பஞ்சர் போட்ட பிறகும்
அந்தச் சக்கரத்தைக் கழற்றி டிக்கியில் வைத்தேன்,
காற்றை இறக்காமல்.
மஸ்தானிடம் ஒன்பதடிக் குழாய் கேட்டேன்.
"கார்ல ஏதுக்கா பிரேக் டேங்க்?"
"லாரில இருக்குல்ல" என்றேன்.
என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

டிக்கியில் இடமில்லை.
முக்கோணத்தை முன் சீட்டுக்கு மாற்றினேன்.
இன்றைக்கு வெள்ளி.
உருளைக்கிழங்கு வாங்க வேண்டும்.